டயட்ல இருந்தா ஏன் கோவமும் அழுகையும் வருது? (நீளமான இழை)

1/
"டாக்டர், டயட் ஆரம்பிச்சு ஒன்றரை மாசம் ஆச்சு. எடை குறையுது. ஆனா சும்மா சும்மா எரிச்சல் வருது, அழுகை வருது, நைட்டு தூக்கம் இல்ல. எப்பப் பார்த்தாலும் சாப்பாட்டு நினைப்பாவே இருக்கு. எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லையா?"

இப்படி நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேக்குறாங்க. தனித்தனியா பதில் சொல்றதுக்கு இங்கேயே எழுதிடுறேன். கொஞ்சம் நீளம்தான். டீ எடுத்துட்டு வாங்க. பிஸ்கட்டும் சேர்த்தே எடுத்துட்டு வாங்க.

2/
பதிலை முதல்லயே சொல்லிடுறேன். உங்க மனக்கட்டுப்பாட்டுல ஒரு குறையும் இல்லை. உடம்புக்குத் தேவையான சாப்பாட்டுல பாதியை நிறுத்தினா யாருக்கா இருந்தாலும் மனசு அப்படித்தான் ஆகும்.

ஆறுதலுக்காகச் சொல்றேன்னு நினைக்காதீங்க. 80 வருஷத்துக்கு முன்னாடி 36 ஆம்பளைங்களை ஒரு வருஷம் பக்கத்துல வெச்சுப் பார்த்து எழுதின விஷயம் இது. உணவுக் கோளாறு பத்திப் படிக்கிற எந்த மனநல மருத்துவரும் இந்த ஆய்வைத் தாண்டித்தான் போகணும்.

3/
வருஷம் 1944. இரண்டாம் உலகப் போர். ஐரோப்பாவுல பல இடத்துல ஜனங்க பட்டினி. அந்தக் குளிர்காலத்துல நெதர்லாந்துல பெரும் பஞ்சம். போர் முடிஞ்சதும் எலும்பும் தோலுமா இருக்கிற லட்சக்கணக்கான பேருக்கு எதை, எவ்வளவு, எப்படிச் சாப்பிடக் கொடுக்கிறது? இதுக்கு மருத்துவத்துல சரியான பதில் இல்லை.

அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல ஆன்செல் கீஸ்னு ஒரு உடலியல் பேராசிரியர். ராணுவத்துக்கு கே-ரேஷன்ங்கிற உணவுப் பொட்டலத்தை உருவாக்கினவர். "நல்லா இருக்கிற ஆளுங்களைப் பட்டினி போட்டு, திரும்பச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்"னு முடிவு பண்ணார்.

4/
யாருங்க இதுக்கு வருவாங்க? வந்தாங்க. மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மாட்டோம்னு சொன்ன இளைஞர்கள். போருக்குப் போக மறுத்ததால காடு, ஆஸ்பத்திரின்னு வேற பொதுப்பணிகள்ல இருந்தவங்க. "நாங்க பட்டினி கிடந்தா நாலு பேருக்குச் சோறு கிடைக்கும்னா கிடக்கிறோம்"னு வந்தாங்க.

உடம்பு, மனசு ரெண்டையும் சல்லடை போட்டுச் சலிச்சு 36 பேரைத் தேர்ந்தெடுத்தாங்க. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க: மனசளவுல ரொம்ப உறுதியானவங்கன்னு சோதிச்சு எடுத்த ஆளுங்க.

5/
திட்டம் இதுதான். முதல் 12 வாரம் வயிறாரச் சாப்பாடு, நாளுக்கு சுமார் 3,200 கலோரி. அடுத்த 24 வாரம் சுமார் 1,570 கலோரி. ரெண்டே வேளை. உருளைக்கிழங்கு, டர்னிப், முட்டைக்கோஸ், ரொட்டி, மக்ரோனி. போர்க்கால ஐரோப்பாவுல என்ன கிடைக்குமோ அது. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கணும். கடைசி 12 வாரம் படிப்படியாச் சாப்பாட்டைக் கூட்டணும்.

பட்டினிக் கட்டம் 1945 பிப்ரவரி 12-ல ஆரம்பிச்சு ஜூலை 28-ல முடிஞ்சது. தங்குனது, தூங்குனது எல்லாம் பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்குக் கீழே இருந்த ஆய்வுக்கூடத்துல.

6/
இங்க ஒரு நிமிஷம். "1,570-ஆ? நான் அதைவிடக் கம்மியாத்தானே சாப்பிடுறேன்"னு சிலருக்குத் தோணும்.

கலோரி எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. அவங்க வாட்டசாட்டமான ஆளுங்க, தினமும் நடந்தவங்க. அவங்க தேவைக்கு அது பாதி. அதிகம் உடலுழைப்பு இல்லாத 55 கிலோ இந்தியப் பெண்ணுக்கு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல சொன்ன சராசரித் தேவை 1,660 கலோரி. அதுல பாதி எவ்வளவு? 830. இப்போ ரீல்ஸ்ல "ஒரு நாளைக்கு 800 கலோரி டயட் பிளான்"னு வர்றதை நினைச்சுப் பாருங்க. மினசோட்டாவுல ஆய்வுன்னு செஞ்சதை இங்க 30 செகண்ட் வீடியோவுல "ஈஸி டிப்ஸ்"னு விக்கிறாங்க.

7/
உடம்புல என்ன ஆச்சு? எடையில கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. நிமிஷத்துக்குச் சராசரி 55 இருந்த நாடித்துடிப்பு 35-க்கு இறங்கிச்சு. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி சுமார் 40 சதவீதம் குறைஞ்சது. வெயில் காலத்துலயும் குளிருதுன்னு போர்வை கேட்டாங்க. முடி கொட்டுச்சு, கால் வீங்குச்சு, தலை சுத்துச்சு. பெஞ்சுல உட்கார்ந்தா எலும்பு குத்துதுன்னு தலையணை வெச்சுக்கிட்டாங்க.

இதெல்லாம் ஓரளவு எதிர்பார்த்ததுதான். யாரும் எதிர்பார்க்காதது மனசுல நடந்துச்சு.

8/
அரசியல், கடவுள், உலக அமைதின்னு விடிய விடிய பேசின பசங்க. சில வாரத்துல எல்லாப் பேச்சும் சாப்பாட்டுல வந்து நின்னுடுச்சு. சினிமாவுக்குப் போனா கதை ஞாபகம் இல்லை. அதுல யார் என்ன சாப்பிட்டாங்கங்கிறது மட்டும் ஞாபகம் இருந்தது. காதல், காமம் எல்லாம் மறந்தே போச்சு.

சமைக்கிற ஆர்வமே இல்லாதவங்க சமையல் புத்தகங்களை வாங்கி அடுக்கினாங்க. கதைப் புத்தகம் மாதிரி ராத்திரி உட்கார்ந்து சமையல் குறிப்பு படிச்சாங்க. சோதனை முடிஞ்சு வெளிய போன பிறகு மூணு பேர் சமையல்காரராவே ஆயிட்டாங்க.

9/
சாப்பிடுற விதமும் மாறிப்போச்சு. கால் மணி நேரத்துல முடிக்க வேண்டிய சாப்பாட்டை ரெண்டு மணி நேரம் இழுத்தாங்க. குட்டிக் குட்டித் துண்டா வெட்டி, தண்ணி ஊத்திப் பெருக்கி, எல்லாத்தையும் ஒண்ணாப் பிசைஞ்சு, தட்டை நக்கி. டீ, காபி லிட்டர் கணக்குல. ஒருத்தர் ஒரே நாள்ல 40 பாக்கெட் சூயிங் கம் வரைக்கும் மென்னார்.

மனநல வார்டுல அனரெக்ஸியா நோயாளிகளைப் பார்த்தவங்களுக்கு இதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். "இது அந்த நோயோட குணம்"னு பாடத்துல படிச்சது பாதிக்கு மேல இங்க இருக்கு, அந்த நோயே இல்லாத 36 பேர்கிட்ட.

10/
அப்புறம் மனநிலை. எரிச்சல். பக்கத்துல இருக்கிறவன் மெல்லுற சத்தம் கேட்டாக்கூட ஆத்திரம். தனிமை, கூட்டம் பிடிக்கலை, நண்பர்களைப் பார்க்கப் பிடிக்கலை, சிரிப்பே வரலை. உளவியல் பரிசோதனையில மனச்சோர்வு மதிப்பெண் ஏறிக்கிட்டே போச்சு.

சுவாரசியமான விஷயம் ஒண்ணு: "மூளையே வேலை செய்யலை, எதையும் கவனிக்க முடியலை"ன்னு எல்லாரும் சொன்னாங்க. அறிவுத்திறன் டெஸ்ட் வெச்சா மார்க் குறையலை. திறமை அப்படியேதான் இருந்தது, அதைச் செலவழிக்க மனசுதான் வரலை. தேர்வுக்குப் படிக்கிற பசங்களைப் பட்டினி டயட்ல விடுற பெற்றோர் இதைக் கவனிக்கணும்.

11/
ஒருத்தர் கோடாரியால விறகு வெட்டும்போது கையில மூணு விரலை வெட்டிக்கிட்டார். "வேணும்னு செஞ்சேனா, தெரியாம நடந்துச்சான்னு எனக்கே தெரியலை"ன்னு பிறகு சொன்னார். அப்பவும் சோதனையை விட்டுப் போக மாட்டேன்னு ஆஸ்பத்திரியிலேயே கெஞ்சி, கடைசி வரைக்கும் இருந்தார்.

இது நடந்தது பட்டினிக் கட்டத்துல இல்லை. சாப்பாட்டைக் கூட்ட ஆரம்பிச்ச பிறகு. அதாவது தட்டுல சோறு வந்ததும் மனசு அன்னிக்கே சரியாகிடாது.

12/
அந்தக் கடைசிக் கட்டத்துலதான் நமக்கு முக்கியமான பாடம் இருக்கு. 400 கலோரி கூடுதலாக் கொடுத்தவங்க கிட்டத்தட்ட அப்படியே கிடந்தாங்க. வைட்டமின் மாத்திரை, கூடுதல் புரதம் எல்லாம் பெருசா உதவலை. நாளுக்கு 4,000 கலோரி அளவுக்குப் போனப்பதான் உடம்பு தேறிச்சு.

கட்டுப்பாடு எடுத்ததும் சிலர் வெறி பிடிச்ச மாதிரி சாப்பிட்டாங்க. ஒரே நாள்ல 8,000, 10,000 கலோரி. வயிறு வெடிக்கிற மாதிரி இருக்கும், ஆனா பசி அடங்காது. ஒருத்தருக்கு ஆஸ்பத்திரியில வயித்தைச் சுத்தம் பண்ண வேண்டி வந்தது. இது பல மாசம் நீடிச்சது. எடை ஏறும்போது முதல்ல கொழுப்பா ஏறினதால, "வயிறு பெருசாத் தெரியுது, இடுப்பு தொளதொளன்னு இருக்கு"ன்னு கவலைப்பட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி உடம்பு வடிவத்தைப் பத்தி யோசிச்சே பார்க்காத ஆம்பளைங்க!

13/
ஏன் இப்படி? அன்னிக்குத் தெரியாத காரணங்கள் இப்போ ஓரளவு தெரியும். கொழுப்புத் திசு சுரக்கிற லெப்டின்ங்கிற ஹார்மோன் 1994-ல கண்டுபிடிச்சாங்க. எடை வேகமாக் குறைஞ்சா லெப்டின் சரியும். மூளைக்கு அது "பஞ்சம் வந்தாச்சு"ங்கிற தந்தி. உடனே பசி ஹார்மோன் ஏறும், தைராய்டு வேகம் குறையும், மாதவிடாய் நிக்கும், கார்டிசால் ஏறும்.

பஞ்சத்துல உயிர் பிழைக்கணும்னா சாப்பாட்டைத் தவிர வேற எதையும் நினைக்கக் கூடாது. மூளை அதைத்தான் செய்யுது. நீங்க விரும்பி டயட் இருக்கீங்களா, பஞ்சத்துல மாட்டியிருக்கீங்களான்னு அதுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது.

14/
இதையே சின்ன அளவுல காட்டினது 1975-ல ஹெர்மன், மேக் செஞ்ச ஆய்வு. கல்லூரிப் பெண்களுக்கு முதல்ல மில்க் ஷேக். பிறகு "ஐஸ்கிரீம் ருசி பார்த்துச் சொல்லுங்க, எவ்வளவு வேணாலும் சாப்பிடலாம்".

டயட் இல்லாதவங்க மில்க் ஷேக் குடிச்சிருந்தா ஐஸ்கிரீமைக் குறைச்சுக்கிட்டாங்க. வயிறு நிறைஞ்சிருச்சு, அவ்வளவுதான். டயட்ல இருந்தவங்க நேர்மாறு. மில்க் ஷேக் குடிச்சவங்கதான் ஐஸ்கிரீமை அதிகமாச் சாப்பிட்டாங்க.

நம்ம ஊர்ல: "ஒரு குலோப் ஜாமூன் உள்ள போயாச்சு, இன்னிக்கு டயட் போச்சு. இனி நாளைல இருந்து பார்த்துக்கலாம்"னு மிச்சம் ஆறையும் முடிக்கிறது. அது பேராசை இல்லைங்க. அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டின கயிறு அறுந்து போறது.

15/
இப்போ என் ஓ.பி-க்கு வாங்க. அடையாளம் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

கல்லூரி ரெண்டாம் வருஷம் படிக்கிற பொண்ணு. "தலை சுத்தி விழுந்துட்டா மேடம், ரத்தம் கம்மியா இருக்கும், டானிக் எழுதிக் கொடுங்க"ன்னு அம்மா கூட்டிட்டு வந்தாங்க. மே மாச வெயில்ல முழுக்கை ஸ்வெட்டர். கையைப் பிடிச்சா ஜில்லுனு இருக்கு. நாடி 44. ஹீமோகுளோபின் நார்மல்.

"காலைல என்னம்மா சாப்ட்ட?"
"சாப்ட்டேன் மேடம்."
"என்ன சாப்ட்ட?"
பதில் இல்லை.

16/
அம்மா சொன்னாங்க: "வீட்ல எல்லாருக்கும் இவதான் மேடம் இப்போ சமைக்கிறா. யூடியூப் பார்த்து விதவிதமாச் செய்வா. தம்பிக்கு ஊட்டி விடாத குறை. அவ மட்டும் ஒரு வாய் வைக்க மாட்டா. கேட்டா சண்டை. முன்னாடி இப்படி இல்ல மேடம், தங்கமான புள்ள. இப்போ தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு விழறா. அவங்கப்பா, தின்னு கொழுப்பெடுத்துப் போச்சுங்கறார்."

தின்னு கொழுப்பெடுத்த பொண்ணோட நாடி 44-ல ஓடாது. நான் அந்தம்மாவுக்கு மினசோட்டா கதையைத்தான் சுருக்கிச் சொன்னேன். "அம்மா, இது திமிர் இல்லை. பசியில இருக்கிற மூளை பேசுது. உங்க தங்கமான பொண்ணு உள்ளதான் இருக்கா. முதல்ல மூளைக்குச் சாப்பாடு போகணும்."

அந்தப் பொண்ணு அப்பத்தான் முதல் தடவையா என்னை நிமிர்ந்து பார்த்தா.

17/
அட்மிஷன் போட்டோம். மனநல மருத்துவர், பொது மருத்துவர், உணவியல் நிபுணர்னு மூணு பேரும் சேர்ந்துதான் பார்த்தோம். அப்பா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசலை. ரெண்டாவது வாரம் அவரே டிபன் கேரியர் தூக்கிட்டு வந்தார்.

இப்பவும் ரிவ்யூவுக்கு வர்றாங்க. எடை ஏறுது, மாதவிடாய் திரும்பியிருக்கு. முழுசாச் சரியாயிடுச்சான்னு கேட்டா, இன்னும் இல்லை. இதுக்கு மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல ஆகும்.

18/
ஒரு விஷயம் நேர்மையாச் சொல்லணும். பட்டினி மட்டுமே அனரெக்ஸியா நோய்க்குக் காரணம் இல்லை. மினசோட்டா ஆளுங்க சாப்பாட்டுக்கு ஏங்கினாங்க, கொடுத்ததும் சாப்பிட்டாங்க. அனரெக்ஸியா இருக்கிறவங்களுக்குச் சாப்பாடுன்னாலே பயம். 2019-ல சுமார் 17,000 நோயாளிகளோட மரபணுக்களைப் பார்த்த ஆய்வு, இதுக்கு மனம் சார்ந்த வேரும் வளர்சிதை மாற்றம் சார்ந்த வேரும் இருக்குன்னு காட்டுச்சு. டயட் இருக்கிற எல்லாருக்கும் இந்த நோய் வராது.

ஆனா அந்த வேர் உள்ளவங்களுக்குக் கடுமையான டயட்தான் பல நேரம் கதவைத் திறந்து விடுது. திறந்த பிறகு பட்டினியே நோயைப் பிடிச்சு வெச்சுக்குது. அதனாலதான் சிகிச்சையில முதல் மருந்து சாப்பாடு. எடை ரொம்பக் குறைஞ்ச நிலையில மனச்சோர்வு மாத்திரைகள்கூடச் சரியா வேலை செய்யறதில்லை.

19/
"இதெல்லாம் வெள்ளைக்காரங்க வியாதி டாக்டர்"னு ஒரு கமெண்ட் கண்டிப்பா வரும். ஃபிஜி தீவுல நத்ரோகாங்கிற பகுதிக்கு 1995-லதான் டிவி வந்துச்சு. நல்லாச் சாப்பிட்டு வாட்டசாட்டமா இருக்கிறதுதான் அழகுன்னு நம்பின ஊர். ஆன் பெக்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் டிவி வந்த உடனேயும், மூணு வருஷம் கழிச்சும் பள்ளி மாணவிகளைக் கேட்டார். எடையைக் குறைக்க வேணும்னே வாந்தி எடுக்கிறோம்னு சொன்னவங்க முதல் தடவை பூஜ்ஜியம். மூணு வருஷம் கழிச்சு 11.3 சதவீதம்.

அது வெறும் டிவி. நம்ம பசங்க கையில இருக்கிறது 24 மணி நேரமும் ஓடுற ரீல்ஸ்.

20/
"அப்போ டயட்டே வேணாமா? சுகர் பேஷன்ட்டுக்கு நீங்கதானே எடையைக் குறைக்கச் சொல்றீங்க?" ஆமா, சொல்றேன், இனியும் சொல்வேன். தேவையில இருந்து கொஞ்சமாக் குறைச்சு, மூணு வேளை சாப்பிட்டு, மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு கிலோ இறங்குறது வேற. தேவையில பாதியை வெட்டுறது வேற. சஷ்டி, ஏகாதசி விரதம், ரமலான் நோன்பையும் இதோட குழப்பிக்க வேண்டாம். நான் சொல்றது வாரக்கணக்குல நீளுற அரைப்பட்டினி.

21/
சாப்பாடு மனநிலையை நல்லபடியாவும் மாத்தும். ஆஸ்திரேலியாவுல 2017-ல வந்த ஸ்மைல்ஸ் ஆய்வு: மனச்சோர்வு உள்ள 67 பேர். ஒரு குழுவுக்கு 12 வாரம் காய்கறி, பயறு, முழு தானியம், மீன், ஆலிவ் எண்ணெய்னு உணவு ஆலோசனை. இன்னொரு குழுவுக்குப் பேச்சுத்துணை. முடிவுல முதல் குழுவுல 32 சதவீதம் பேர் மனச்சோர்வுல இருந்து மீண்டாங்க, ரெண்டாவதுல 8 சதவீதம்.

சின்ன ஆய்வுதான். இதை வெச்சு மாத்திரையை நிறுத்திடாதீங்க. ஆனா கவனிங்க: அவங்களைக் கலோரியைக் குறைக்கச் சொல்லலை, எடை குறைக்கிறது நோக்கமே இல்லை. நல்லாச் சாப்பிடச் சொன்னாங்க. நம்ம ஊர்ல அது சுண்டல், கீரை, மத்தி மீன், கேழ்வரகு, மோர்னு சாதாரணமாவே இருக்கு.

22/
வீட்ல யாருக்காவது சந்தேகம்னா இந்த அஞ்சு கேள்வி. உலகம் முழுக்கப் பயன்படுத்துற பரிசோதனையோட சாரம்:

- வயிறு நிறைஞ்சிருச்சுன்னு வேணும்னே வாந்தி எடுக்கிறீங்களா?
- எவ்வளவு சாப்பிடுறோம்ங்கிற கட்டுப்பாடு போயிடுச்சுன்னு கவலையா?
- மூணு மாசத்துல ஆறு கிலோவுக்கு மேல குறைஞ்சிருக்கா?
- மத்தவங்க ஒல்லின்னு சொன்னாலும் குண்டா இருக்கோம்னு நம்புறீங்களா?
- சாப்பாடுதான் உங்க வாழ்க்கையையே ஆட்டி வைக்குதா?

ரெண்டு "ஆமா" வந்தாலே ஒரு டாக்டரைப் பாருங்க. பசங்களையும் கேளுங்க. இது பொண்ணுங்களுக்கு மட்டும் வர்ற நோய் இல்லை.

23/
உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியவை: மயங்கி விழுறது, நாடி 50-க்குக் கீழே, நெஞ்சு படபடப்பு, அடிக்கடி வாந்தி எடுக்கிறது (பொட்டாசியம் இறங்கி இதயம் தடுமாறும்), மூணு மாசமா மாதவிடாய் இல்லாதது, சாகணும்ங்கிற பேச்சு.

ரொம்ப முக்கியம்: பத்து நாளுக்கு மேல கிட்டத்தட்ட எதுவுமே சாப்பிடாத ஒருத்தருக்கு வீட்லயே திடீர்னு இலை போட்டு விருந்து வெச்சுடாதீங்க. ரத்தத்துல பாஸ்பேட் சட்டுனு இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். எப்படிக் கூட்டணும்னு மருத்துவமனையில ரத்தம் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

24/
வீட்ல என்ன சொல்லக் கூடாது? "குண்டாயிட்டியே", "இப்படியே போனா யார் கட்டிக்குவா", இப்போ எடை குறைஞ்சதும் "சூப்பரா இளைச்சுட்டியே, என்ன சீக்ரெட்". கடைசிதான் ரொம்ப மோசம். நோயைக் கை தட்டி வளர்க்கிறது அது.

என்ன செய்யலாம்? கூட உட்கார்ந்து சாப்பிடுங்க. தட்டைப் பத்திப் பேசாம வேற ஏதாவது பேசுங்க. "உன்மேல கோவம் இல்லை, உனக்குப் பசிக்குது, அதான் இப்படி இருக்கு. சேர்ந்து பார்த்துக்கலாம்"னு சொல்லுங்க. எரிஞ்சு விழுந்தாலும் அடுத்த வேளைக்கும் கூப்பிடுங்க. குடும்பத்தையே சிகிச்சையில சேர்த்துக்கிற முறை 1980-கள்ல லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில உருவானது. வளரிளம் வயசுக்காரங்களுக்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை இன்னிக்கும் அதுதான்.

25/
மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு ஓ.பி உண்டு, காசு கிடையாது. நேர்ல வரத் தயக்கமா இருந்தா 14416-க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், 24 மணி நேரமும், தமிழ்லயே பேசலாம்.

இன்பாக்ஸ்ல கேட்டவங்களுக்கு: உங்க டயட் பிளானை எடுத்து ஒரு நாளைக்கு எத்தனை கலோரின்னு கூட்டிப் பாருங்க. உங்க தேவையில பாதிக்குப் பக்கத்துல இருந்தா, உங்களைத் திட்டிக்கிறதை நிறுத்திட்டு அந்தப் பிளானை நிறுத்துங்க. இன்னிக்கு ராத்திரி ஒழுங்காச் சாப்பிட்டுத் தூங்குங்க. எடையைப் பத்தி அடுத்த வாரம் ஒரு டாக்டரோட உட்கார்ந்து பேசிக்கலாம்.